படுத்துப் பார்த்த இரண்டு வீடுகள்

ஊர் விழித்திருக்கும்போது தூங்கி, ஊர் தூங்கும்போது விழித்திருக்கும் ஒருவர் உண்மையில் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? பகலில் தான் இருக்கும் தெருவை அவர் பார்ப்பதில்லை. அதன் சத்தத்தை மட்டும் கேட்கிறார், அதையும் கேட்காமலிருக்கப் பாடுபடுகிறார். இரவில் அவர் பார்க்கும் இடத்திலோ யாருக்கும் வீடில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைப் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தது. வீடு மாற்ற வேண்டிய கட்டாயம் வரும்வரை அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

துறைமுகத்தில் அவரை ஆந்தை என்பார்கள். வெயிலில் கிரேன் கேபினின் கண்ணாடித் தரை கண்ணைக் கூசவைக்கிறது என்று சொல்லி இரவு ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொண்டதால் ஒட்டிக்கொண்ட பெயர். கண்களும் கொஞ்சம் பெரியவை. அவர் அதற்குக் கோபப்பட்டதில்லை. "ஆந்தைன்னா பரவாயில்ல, வௌவால்னு வச்சிருந்தா தலகீழா தொங்கச் சொல்லியிருப்பானுங்க" என்பார்.

கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்குவது அவர் வேலை. கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட சிறிய கேபினில் குனிந்து உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே தெரியும் கரையைப் பார்த்தபடி இரண்டு கைப்பிடிகளை அசைக்க வேண்டும். பெட்டியை நேராகத் தரையில் வைத்துவிட முடியாது. ஆள் நெஞ்சு உயரத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். மூலைக்கு ஒருவராக நான்கு பேர் வந்து, பெட்டியின் அடியில் மாட்டியிருக்கும் இரும்புப் பூட்டுகளைக் கையைவிட்டுக் கழற்றுவார்கள். அவர்கள் விலகிக் கை காட்டிய பிறகுதான் பெட்டி தரையைத் தொடலாம்.

அந்த நால்வரில் ஒருவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

அந்த வருடம் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதென்று முடிவாயிற்று. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டை அதற்குள்ளேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். துளைபோடும் இயந்திரம் கொஞ்ச நேரம் துளைக்கும், நின்றுவிடும். நின்றதே என்று கண் சொக்கும் நேரம் பார்த்து மறுபடி துளைக்கும். ஆந்தை காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். தலையணையைத் தலைக்குமேல் வைத்துப் பார்த்தார். தினமும் தூங்காத கண்ணோடு கிரேன் ஏறினார்.

ஒரு விடியற்காலையில் அது நடந்தது. பெட்டி நெஞ்சு உயரத்தில் நின்றது. நால்வரும் அடியில் கையை விட்டார்கள். மேலே ஆந்தையின் தலை தொங்கி, உடம்பு முன்னே சரிந்து, கை கைப்பிடியின் மேல் அழுந்தியது. பெட்டி இறங்கியது. மச்சான் வாக்கி டாக்கியில் "மாமா!" என்று அலறியது துறைமுகத்து எஞ்சின் சத்தத்தையெல்லாம் தாண்டிக் கேட்டது. ஆந்தை விழித்துக் கைப்பிடியை இழுத்துப் பெட்டி நின்றபோது நால்வரும் தள்ளிக் குதித்திருந்தார்கள். மச்சானின் தலைக்கவசம் மட்டும் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில், பாதி நசுங்கிக் கிடந்தது.

"கேபிள் வழுக்கிருச்சுப்பா, பாத்துக்கங்க" என்று மச்சானே மற்றவர்களிடம் சொல்லிவிட்டான். அலறலுக்குப் பிறகு மாமா பேசிய குரலை வாக்கி டாக்கியில் கேட்டவன் அவன். தூக்கத்திலிருந்து எழுந்தவனின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஷிப்ட் முடிந்து வாசல் கேட்டைத் தாண்டியதும் மச்சான் பேச்சை எடுத்தான்.

"மாமா, நா யார்ட்டயும் சொல்லல."

"ம்."

"அக்காட்டயும் சொல்லமாட்டேன். ஆனா தூங்குற மாதிரி ஒரு வீடு பாருங்க. மொதல்ல அதப் பாருங்க."

"நாளைக்கு வேற கிரேனுக்குப் போயிடுடா."

"ஏன்னு கேட்டா என்ன சொல்ல? மாமா தூங்குறாருன்னா? உங்கள எறக்கிவிட்டுருவாங்க."

அன்று இரவும் மச்சான் அதே மூலையில் வந்து நின்றான். இதை விசுவாசம் என்று சொல்லலாம்தான். ஆனால் மற்ற மூன்று மூலைகளில் நின்றவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தரகர் இரண்டு வீடுகளைக் காட்டினார். ஒன்று, ஊருக்கு வடக்கே மேட்டுப் பகுதியில். மரங்கள் நிறைந்த அகலத் தெரு, மூன்றாவது மாடி. கார் போனால்கூடப் பூனை போவதுபோல் போகும். இன்னொன்று பட்டறைத் தெருவில். தகரப் பெட்டி, வாளி, கதவு, ஜன்னல் கம்பி என்று தெரு முழுக்க அடித்துத் தட்டிச் செய்கிறார்கள். தரைத்தள வீடு. முன்னறை நேரே தெருவில் திறக்கும், பின்னறைச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு தகரப் பட்டறை.

ஆந்தையின் மனைவி வீட்டு முன்னறையில் ஒரு சின்ன பார்லர் வைத்திருந்தார். ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, வாய் ஓயாத வாடிக்கையாளர்கள். பட்டறைத் தெருவின் முன்னறையைப் பார்த்ததும் கண்ணாடி எந்தச் சுவரில், நாற்காலி எந்தப் பக்கம் என்று அவர் மனதில் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. பெட்டி வாங்கவும் வாளி வாங்கவும் வரும் பெண்கள் நடந்துபோகிற தெரு அது. மேட்டுப் பகுதியில் மூன்றாவது மாடிக்கு யார் முடி வெட்ட ஏறி வருவார்கள்?

"மேட்டு வீட்டுல உங்க கண்ணு தூங்கும், என் கடை தூங்கும்" என்றார் கணவரிடம்.

"கடைய எங்க வேணா வைக்கலாம். கண்ணு ரெண்டும் மூஞ்சிலதான் இருக்கு."

"அப்போ மேட்டு வீடுதான்னு தீர்மானமா?"

மனைவி நினைத்தது போல் ஆந்தை சொகுசுக்கு ஆசைப்படவில்லை. ஆனால் உண்மைக் காரணத்தைச் சொன்னால், உன் தம்பி என் கையால் சாகப் பார்த்தான் என்று சொல்ல வேண்டும்.

அவர் ஒரு யோசனை சொன்னார். வீடு பார்க்கிறவர்கள் எல்லோரும் தாங்கள் விழித்திருக்கும் நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தனக்கு அது போதாது. இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பகல் படுத்துப் பார்க்க வேண்டும்.

தரகர் தலையைச் சொறிந்தார். "நித்திரை சுகம் அறியாதுன்னு சொல்வாங்களே சார்."

"சொன்னவன் ராத்திரி தூங்குனவன்யா."

மேட்டு வீட்டுக்குச் சொந்தக்கார அம்மாள், பாயும் தலையணையும் கையுமாக மாடி ஏறிவந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தார்.

"வீடு பாக்க வர்றவங்க குழாயத் தொறந்து பாப்பாங்க, ஜன்னலச் சாத்திப் பாப்பாங்க. படுத்துப் பாக்கணும்னு கேக்குறது நீங்கதான்."

"ஒரே ஒரு பகல்தாம்மா."

"தூக்கம் புடிச்சுப் போச்சுன்னா எழுப்புறதுக்கு ஆள் வச்சிருக்கீங்களா, நா வரணுமா?"

"நானே எழுந்துருவேன்."

"நல்லது. கனவுல சொந்த வீடுன்னு நெனச்சு ஆணி கீணி அடிச்சிராதீங்க."

வெற்று அறையில் பாயை விரித்துப் படுத்தார். ஜன்னலைச் சாத்தியதும் ஊரே இல்லாதது போலாயிற்று. இவ்வளவு அமைதியான இடத்தில் அவர் படுத்ததேயில்லை. கண்ணை மூடினார். கீழ்வீட்டில் யாரோ ஒரு கரண்டியைக் கீழே போட்டார்கள். கண் திறந்தது. பிறகு ஒன்றுமில்லை. அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டிருந்தது. ஒரு கதவுத் தாழ்ப்பாள். ஒரு இருமல். சத்தமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு சத்தமும் யாரோ அனுப்பிய செய்தியாகிவிடுகிறது. அதைப் படிக்காமல் விட முடிவதில்லை. தன் நெஞ்சு அடிப்பதுகூட அவருக்குக் கேட்டது. மாலைவரை மல்லாந்து படுத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, "சூப்பர் தூக்கம்" என்றார்.

மச்சான் முகத்தில் ரத்தம் ஊறியது. "அப்போ முடிச்சிருங்க மாமா."

மனைவி கணவரின் பின்னால் வந்து நின்றார். நாளெல்லாம் தலைகளைப் பார்க்கிறவர். தூங்கி எழுந்த தலையில் பின்பக்கம் முடி ஒருக்களித்துப் படிந்திருக்கும். இவர் தலையில் மல்லாந்து கிடந்த அடையாளம்தான் இருந்தது. புரண்ட அடையாளமே இல்லை. தம்பிக்கு முன்னால் எதற்குப் பொய் சொல்கிறார் என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

"இன்னொண்ணையும் படுத்துப் பாத்துட்டு முடிக்கலாம்" என்றார். "எனக்குக் கண்ணாடிக்கு எடம் பாக்கணும். தம்பி, நீயும் வா."

பட்டறைத் தெருவில் வீட்டுக்காரரே பின்னறைச் சுவருக்கு அப்பால் தகரம் அடிப்பவர். காரியத்தைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இங்க செத்தவனப் படுக்கவச்சாலே எழுந்து உக்காந்துருவான். நீங்க தூங்கப் போறீங்களா? படுங்க, படுங்க. வேடிக்கையா இருக்கும்."

பாயை விரித்தார்கள். சுவருக்கு அப்பால் சுத்தியல்கள் மறுபடி தொடங்கின. ஒன்றல்ல, பல. தகரத்தில் விழும் அடிகள் ஒன்றோடொன்று கலந்து, அதற்கடியில் வெல்டிங் எஞ்சினின் உறுமல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. மனைவியும் தம்பியும் முன்னறையில் ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டு சுவரை அளந்தார்கள். அளந்து முடித்துப் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தபோது ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து, ஒருபுறம் சுருண்டு, உலகம் இடிந்தாலும் எழமாட்டேன் என்பதுபோல ஒரு தூக்கம்.

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியாடா உங்க மாமாவ! இந்தச் சத்தத்துல கும்பகர்ணன்கூட புரண்டு படுப்பான். எனக்குக் கடையும் ஆச்சு, அவருக்குத் தூக்கமும் ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

தம்பி சிரிக்கவில்லை. சுவரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னடா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லு."

"மேல கேபின்லயும் இதே சத்தம்தான்க்கா. இந்த எஞ்சின் உறுமுது பாரு, அச்சு அசலா இதேதான்."

அக்கா தம்பியைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு இறங்கச் சற்று நேரமாயிற்று.

"எப்போ?"

"என்ன எப்போ?"

"எப்போடா தூங்குனாரு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அப்பால் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. சாப்பாட்டு வேளை. எஞ்சினையும் அணைத்துவிட்டார்கள். அந்த நொடியே ஆந்தை துள்ளி எழுந்து உட்கார்ந்தார். வலது கை காற்றில் எதையோ இறுகப் பற்றித் தன் பக்கம் இழுத்தது, இழுத்தபடியே நின்றது. கண்கள் கால்களுக்கு நடுவே தரையைத் தேடின. அங்கே பாய் இருந்தது. பிறகுதான் அவர் நிமிர்ந்து எதிரில் நின்ற இருவரையும் பார்த்தார்.

இழுத்த கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் தம்பி எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைச் சாத்தினார்.

"மேட்டு வீட்டுக்கே போலாம்."

"உன் கடை?"

"கடை கெடக்கு. என் தம்பி கீழ நிக்கிறான்."

"அங்க எனக்குத் தூக்கம் வரல."

"தெரியும். உங்க தல சொல்லிருச்சு."

"பழகிடும்."

"பழகுற வரைக்கும்? அதுவரைக்கும் எத்தன பெட்டி எறக்குவீங்க?"

ஆந்தை தரையைப் பார்த்தார். "பட்டறைத் தெருவுல தூங்குவேன். நீயே பாத்த."

"அதான் மாமா எனக்குப் பயமே" என்றான் மச்சான். "தெனமும் அந்தச் சத்தத்துல தூங்குனா, சத்தம்னாலே தூக்கம்னு உடம்பு கத்துக்கும். அப்புறம் மேல ஏறி உக்காந்தா என்ன ஆகும்?"

"பகல் ஷிப்ட் கேளுங்க" என்றார் மனைவி.

தம்பிதான் பதில் சொன்னான். பகல் ஷிப்டுக்கு மூத்தவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். இடையில் புகுந்து கேட்டால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் அன்றோடு வேலை போகும்.

"அப்போ காரணத்தச் சொல்லிருங்க. வேல போனா போகட்டும். உசுரா வேலயா?"

அடுத்த வீட்டில் துளைபோடும் இயந்திரம் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கியது. அதற்கு நடுவில் தரகரின் போன் வந்தது. மேட்டு வீட்டுக்கு வேறொருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். நாளைக் காலைக்குள் சொல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடுமாம். பட்டறைத் தெருக்காரரும் கேட்கிறாராம், "தூங்குன சார் வர்றாரா இல்லயா?" என்று.

"காலைல சொல்றேன்" என்றார் ஆந்தை.

அந்தியில் ஷிப்டுக்குக் கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்தார். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீ இன்னிக்குப் போகாத" என்றார்.

"நா போகலன்னா என் மூலைல வேற எவனாவது நிப்பான்க்கா. அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா" என்று சொல்லிவிட்டு அவன் மாமாவின் பின்னால் நடந்தான்.

மறுநாள் காலை இருவரும் வீடு திரும்பும் நேரம் தாண்டியது. மனைவி முதல் வாடிக்கையாளரை நாற்காலியில் உட்காரவைத்து முடி வெட்டத் தொடங்கியிருந்தார். கணவரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தம்பியின் போன் அணைந்திருந்தது. பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளர் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுக்கா, கத்தரி நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்ல. தலய ஆட்டாத."

தெருவில் ஓடிவரும் காலடி கேட்டால் தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று சொல்ல வருகிறார்கள் என்று நினைத்தார். மெதுவாக வரும் காலடி கேட்டால் அதைவிட மோசம் என்று நினைத்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

ஆந்தை தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். தனியாக. அவர் கிட்ட வரவர, மனைவியின் கண் அவர் முகத்தைவிட்டுக் கைகளுக்கு இறங்கியது. இத்தனை வருடத்தில் அவர் கை அழுக்கோடு வீட்டுக்கு வந்ததில்லை. கேபினில் உட்காருகிறவருக்கு அழுக்குப்பட வழியில்லை. இன்று முழங்கைவரை கறுப்பாக இருந்தது. விரல் கணுக்கள் இரண்டு இடத்தில் தோலுரிந்திருந்தன.

"தம்பி எங்க?"

"பின்னால வர்றான். தரகரப் பாத்துட்டு வந்தேன், அதான் நேரமாயிடுச்சு."

"கையில என்ன இது?"

"கிரீஸ்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில், சீப்புகளுக்கு நடுவே வைத்தார். பட்டறைத் தெரு வீட்டின் சாவி. பிறகு வாடிக்கையாளரின் பாதித் தலையைப் பார்த்து, "மிச்சத்த முடிச்சு அனுப்பு, பாவம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

தம்பி வந்துதான் கதையைச் சொன்னான். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் மாமா நேரே ஃபோர்மேனிடம் போனாராம். "கேபின் வேணாம், கீழ பூட்டுக் கழட்டுற வேல குடுங்க" என்றாராம். ஃபோர்மேன் சிரித்தாராம், மாமா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் காரணம் கேட்டாராம். மாமா வாயே திறக்கவில்லையாம். சம்பளம் குறையும், பிறகு கேபின் திரும்பக் கிடைக்காது என்று சொல்லியும் நகரவில்லையாம். கடைசியில் பழைய தலைக்கவசம் ஒன்றைக் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டார்கள். மேலே யாரோ ஒரு புது ஆள். மாமா இரவெல்லாம் மச்சானுக்கு எதிர் மூலையில் நின்று பூட்டுக் கழற்றியிருக்கிறார்.

அவர்கள் பட்டறைத் தெருவுக்குக் குடிபோனார்கள். முன்னறையில் பார்லர் நன்றாகவே நடந்தது. பின்னறையில் சுத்தியல் சத்தத்தில் ஆந்தை நன்றாகவே தூங்கினார். அவர் கேபினை ஏன் விட்டார் என்பதில் பெரிய மர்மம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் துறைமுகத்தில் கிடங்கு வேலை இருந்தது, வாசல் காவல் வேலை இருந்தது; பெட்டிக்கு அருகில் போகத் தேவையில்லாத வேலைகள் எத்தனையோ இருந்தன. மேலே இருப்பவனும் தூங்கக்கூடும் என்பதை அவரைவிடத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. பிராயச்சித்தம் என்றார்கள் சிலர், பிடிவாதம் என்றார்கள் சிலர். இரண்டு சொல்லும் பேசுகிறவர்களுக்கு உதவுகின்றனவே தவிர, அவருக்குப் பொருந்துகின்றனவா என்று எனக்குத் தெரியாது.

மச்சான் ஒரே ஒரு முறை, பெட்டி நெஞ்சு உயரத்தில் வந்து நின்றபோது, எதிர் மூலையிலிருந்து கேட்டான்: "ஏன் மாமா இங்க வந்து நின்னீங்க?"

ஆந்தை பெட்டியின் அடியில் கையைவிட்டுப் பூட்டைத் திருப்பினார். "உன் பக்கத்துது கழண்டுச்சா, பாரு" என்றார்.